ஒரே தெரு, பல துறைகள்: மாணவர் களத்திட்டம் செமஸ்டரோடு முடிந்துவிட வேண்டுமா?

வேளச்சேரி ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தென்சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் பாடம் எடுக்கிறேன். வரும் ஜனவரியிலிருந்து எங்களிடம் புதிதாக ஒரு தாள் வருகிறது. சிவில், இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்), கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களும், பக்கத்தில் உள்ள கலைக் கல்லூரியின் சமூகப்பணி மாணவர்களும் சேர்ந்து, ஊரில் நிஜமாகவே இருக்கும் ஒரு பிரச்சினையை எடுத்து ஒரு செமஸ்டர் முழுக்க வேலை செய்ய வேண்டும். மூன்று கிரெடிட். பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு குடியிருப்போர் நலச்சங்கத்திடம் பேசிவிட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் நின்ற தெருக்கள். "எங்க தெருவையே எடுத்துக்குங்க" என்கிறார்கள்.

என் கவலை ஒன்றுதான். வழக்கமாக இப்படிப்பட்ட திட்டங்களில் செமினார் ஹாலில் உட்கார்ந்து தலைப்பைப் பிடிப்பார்கள். அப்புறம் சிவில் பையன் ஒரு வரைபடம், இசிஇ பெண் ஒரு சென்சார், சிஎஸ்இ ஒரு ஆப், சமூகப்பணி ஒரு சர்வே என்று ஆளுக்கொரு அத்தியாயம் எழுதி பைண்டிங் போட்டுவிடுவார்கள். நான்கு துறைகள் ஒரே அட்டைக்குள் இருக்கும். ஒருவரிடமிருந்து இன்னொருவர் எதையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்தத் தண்ணீரோடு வாழ்கிறவர்கள், கேள்வியை எழுதும்போதே நம்மோடு உட்கார வேண்டும் என்று நினைக்கிறேன். அதை எப்படி நடத்துவது? செய்தவர்களும், பக்கத்திலிருந்து பார்த்தவர்களும், "போதும்டா சாமி" என்று விட்டவர்களும் எழுதுங்கள்.

---

மூன்றாமாண்டு இசிஇ

மேடம், மாணவர் தரப்பிலிருந்து சொல்கிறேன். ஆறாவது செமஸ்டரில் எங்களுக்குப் பிளேஸ்மென்ட் பயிற்சி, நான் முதல்வன் தாள், லேப் எல்லாம் ஒன்றாக வரும். அதனால் ப்ராஜெக்ட் என்றதும் எல்லோரும் முதலில் போவது எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட். ஒரு கன்ட்ரோலர் போர்டு, ஒரு அல்ட்ராசோனிக் சென்சார் வாங்கி, தண்ணீர் ஏறினால் போனுக்கு மெசேஜ் வருகிற மாதிரி செய்துவிடுவோம். பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிக் காட்டினால் அருமையாக வேலை செய்யும்.

ஆனால் மிக்ஜாம் சமயத்தில் எங்கள் பகுதியில் கரண்ட் இல்லை, போன் டவரும் இல்லை. அந்த மெசேஜ் யாருக்குப் போயிருக்கும்? இதை ரிவ்யூவில் யாரும் கேட்பதில்லை. டெமோ ஓடினால் மார்க்.

எனக்கு உண்மையிலேயே அந்தத் தெருவுக்குப் போக ஆசை. ஆனால் சனிக்கிழமை முழுக்க ஐந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால், என் கைடு அதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்? அதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

---

ஓய்வுபெற்ற பொறியாளர்

அம்மா, ஜனவரி என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சென்னைக்கு வருஷத்தில் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. உங்கள் செமஸ்டர் ஜனவரியில் தொடங்கி மே மாதத்தில் முடியும். வெள்ளத்தைப் பற்றிய திட்டம், ஒரு சொட்டுத் தண்ணீரையும் பார்க்காமல் முடிந்துவிடும். சரி, ஜூலையில் தொடங்கும் செமஸ்டரில் வைக்கலாம் என்றால், மழை உச்சத்தில் இருக்கும் நவம்பரில் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால் கோடையில் அளவெடுங்கள், மழையில் பாருங்கள். இரண்டையும் ஒரே பேட்ச்சால் ஒரு செமஸ்டரில் செய்ய முடியாது. இதை ஒப்புக்கொண்டால்தான் மற்றதைப் பேச முடியும்.

இன்னொன்று. அந்தப் பகுதித் தண்ணீர் எங்கே போகிறது என்பதை மாணவர்கள் முதலில் நடந்து பார்க்கட்டும். சதுப்புநிலத்தில் சேரும் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து தெற்கே முட்டுக்காடு பக்கம் கடலில் சேர வேண்டும். கடல் ஏற்றத்தில் இருந்தால் அது சீக்கிரம் வடியாது. தரையும் தட்டை. நான்கு விரல் உயர வித்தியாசம்கூட ஒரு வீட்டை நனைக்கும், பக்கத்து வீட்டை விட்டுவிடும். அந்தச் சதுப்புநிலத்தில் மிச்சமிருப்பதில் 1,247 ஹெக்டேருக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. ஒரு காலத்தில் இதைவிடப் பல மடங்கு பரந்து கிடந்த நிலம். நீங்கள் எடுக்கும் தெரு அதற்குள்ளேயே இருந்திருக்கவும் கூடும். அதையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

---

ஏரிக்கரைத் தெருவாசி

நான் அந்த மாதிரித் தெருவில்தான் குடியிருக்கிறேன், டீச்சர். ஒவ்வொரு வெள்ளம் முடிந்ததும் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். போனில் ஒரு ஃபார்மைத் திறந்து, "எத்தனை அடி தண்ணி, எத்தனை நாள், என்னென்ன பொருள் போச்சு" என்று கேட்பார்கள். எங்க வீட்டில் பீரோவும் பிரிட்ஜும் போன கதையை எத்தனை பேரிடம் சொல்வது? கேட்டுக்கொண்டு போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்து, "அம்மா, நாங்க கண்டுபிடிச்சது இது" என்று சொன்னதில்லை.

என் நிபந்தனை ஒன்றே ஒன்று. எழுதுவதைத் தமிழில் எங்களுக்கும் கொடுங்கள். முந்தி வந்தவர்கள் எழுதியதை அடுத்து வருகிறவர்கள் படித்துவிட்டு வரட்டும். கேட்டதையே திரும்பக் கேட்காதீர்கள்.

---

சமூகப்பணி முதுகலை

மேலே அம்மா எழுதியதை ஒவ்வொரு கைடும் அச்செடுத்து மேசையில் ஒட்ட வேண்டும்.

எங்கள் துறையில் களப்பணி வாரத்துக்கு இரண்டு நாள் கட்டாயம், அதனால் இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. கூட்டத்தைச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வைத்தால் சங்கத்துச் செயலாளரும் ஓய்வுபெற்ற நான்கைந்து பெரியவர்களும்தான் வருவார்கள். வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் வர மாட்டார்கள். பல தெருக்களில் தாழ்ந்த தரைத்தளத்தில் இருப்பதே வாடகைக்காரர்கள்தான். மாலை ஏழு மணிக்குக் கோயில் வாசலிலோ ரேஷன் கடை முன்போ பேசிப் பாருங்கள், வேறு பிரச்சினை வெளியே வரும்.

கண்டுபிடித்ததைக் கொண்டுபோகவும் இடம் இருக்கிறது. மாநகராட்சியில் 200 வார்டு, ஒவ்வொரு வார்டுக்குள்ளும் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை. அங்கே மாணவர்கள் பேச வேண்டாம், தெருக்காரர்களே பேசட்டும். மாணவர்கள் பின்னால் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

---

படித்து முடித்த கட்டடக்கலைஞர்

நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாணவியாக இருந்தபோது கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு திட்டத்தில் வேலை செய்தேன். கட்டடக்கலை, சிவில், சமூகப்பணி, விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள். தென்சென்னையில் ஒரே ஒரு தெரு.

தெருவில் யாரைக் கேட்டாலும் "ஏரித் தண்ணி வந்துடுது" என்றார்கள். எங்களிடம் கருவி எதுவும் இல்லை. அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு மேஸ்திரியிடம் டியூப் லெவலைக் கேட்டு வாங்கினோம். தெரியாதவர்களுக்காக: கண்ணாடி மாதிரித் தெளிவான நீளமான டியூப், உள்ளே தண்ணீர். ஒரு முனையை ஒருவர் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் பத்து வீடு தள்ளிக் கொண்டுபோனாலும், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். எந்த வாசற்படி உயரம், எது பள்ளம் என்று சுண்ணாம்புக்கட்டியால் சுவரில் கோடு போட்டுக்கொண்டே போகலாம். மேஸ்திரி இரண்டு வீட்டுக்குக் காட்டிக்கொடுத்தார். மூன்றாவது வீட்டிலிருந்து தெருப் பையன்களே டியூபைப் பிடித்தார்கள். மாலைக்குள் தெரு முழுக்க வெள்ளைக் கோடு.

கோடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ரோட்டின் நடுப்பகுதி ஒரு பக்கத்து வீட்டு வாசற்படிகளைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்ப ரோடு போட்டிருக்கிறார்கள். மழைநீர் வடிகாலின் வாய் ரோட்டோரத்தைவிட உயரமாக இருந்தது, தண்ணீர் ஏறினால்தான் உள்ளேயே போகும். சிவில் நண்பனுக்கு அத்தியாயம் முடிந்துவிட்டது என்று நிம்மதி.

அப்போது கடைசி வீட்டுப் பாட்டி, "எங்க வீட்டுல தண்ணி வாசல் வழியா வராதும்மா, முதல்ல பாத்ரூம்லதான் பொங்கும்" என்றார். இதை எந்தக் கோடும் சொல்லவில்லை. தெருவுக்கு வழக்கமாக வரும் பிளம்பரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. "மேட்டுப் பக்கம் மழை பெஞ்சா மேன்ஹோல் மூடியைத் திறந்து விட்டுடுவாங்க. மழைத் தண்ணி சாக்கடைக் குழாய்ல இறங்கும், பள்ளத்து வீட்ல ஏறும்." கழிவுநீர்க் குழாய் மழையைத் தாங்குகிற அளவில் போடப்பட்டதில்லை. ரோடும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சி, கழிவுநீர்க் குழாய் மெட்ரோ வாட்டர். ஆக இரண்டு ஆபீஸிலும் மனு கொடுத்தாலும், ஒரு ஆபீஸிலும் முழுக்கதை போய்ச் சேராது.

இங்கேதான் எனக்கு இந்தப் படிப்பு முறையின் மேல் நம்பிக்கை வந்தது. மட்டம் எடுக்காமல் பாட்டியிடம் மட்டும் கேட்டிருந்தால், மேட்டு வீடு எது, பள்ளத்து வீடு எது என்று நிரூபிக்க முடிந்திருக்காது. பாட்டியிடம் கேட்காமல் மட்டம் மட்டும் எடுத்திருந்தால் வடிகால் வாயைத் தாழ்த்தச் சொல்லி மனு எழுதியிருப்போம், பாத்ரூம் அப்படியே பொங்கிக்கொண்டிருக்கும். பிளம்பர் இல்லாவிட்டால் இரண்டையும் சேர்க்க ஆளில்லை. அதற்கப்புறமும் ஒரு வேலை பாக்கி: மேட்டு வீட்டுக்காரர்களையும் பள்ளத்து வீட்டுக்காரர்களையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, சண்டை வராமல் மூடியைப் பற்றிப் பேசுவது. அதைச் சமூகப்பணித் தோழி செய்தாள். நாங்கள் யாராவது பேசியிருந்தால் கைகலப்புதான். விஸ்காம் நண்பன் தெரு வரைபடத்தை ஒரே தாளில், எந்த வீடு எவ்வளவு பள்ளம் என்று நிறத்தில் காட்டி, மளிகைக் கடையில் ஒட்டினான்.

வைவாவில் வந்த தேர்வாளர் சிவில் பேராசிரியர். மூடியைப் பற்றிய பேச்சுவார்த்தை முழுவதும் "பின்னிணைப்புக்குத் தள்ளிவிடுங்கள்" என்றார். தோழிக்குத்தான் எங்களில் குறைந்த மார்க். அதைவிட எனக்கு இன்றைக்கும் உறுத்துவது: அந்த வருஷம் மழை வந்தபோது எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவரும் அந்தத் தெருவில் இல்லை. எங்களுக்குப் பரீட்சை, ஜூனியர்களுக்கு வேறு தலைப்பு. மூடியைத் திறந்தார்களா இல்லையா என்று பார்க்க ஆளில்லை.

---

ஓய்வுபெற்ற பொறியாளர்

ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலரே அறிவுறுத்தினார். உங்கள் சுண்ணாம்புக் கோடு மாதிரி ஆதாரம் கையில் இருந்தால், ரோடு போட வரும்போது அந்த அறிவுறுத்தலைக் காட்டித் தெருக்காரர்கள் நிறுத்திக் கேட்கலாம். வேலை முடிந்தபின் கேட்டுப் பயனில்லை. இந்த வருஷக் கோட்டையும் அடுத்த வருஷக் கோட்டையும் ஒப்பிட்டால் ரோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

---

கல்வி ஆய்வு மாணவன்

மேலே உள்ள அனுபவத்துக்குப் பின்னால் கொஞ்சம் வரலாறு. பாடத்துக்குப் பதிலாக நோயாளியின் பிரச்சினையிலிருந்து படிப்பைத் தொடங்கும் முறையைக் கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவப் பள்ளி 1969-ல் கொண்டுவந்தது. டென்மார்க்கில் ஆல்போர் பல்கலைக்கழகம் 1974-ல் தொடங்கியபோதே, படிப்பில் ஏறக்குறைய பாதி நேரத்தைக் குழுத் திட்டங்களுக்கு ஒதுக்கியது. துறைகளின் எல்லையைக் கடந்த அறிவு என்ற பேச்சை 1970-லேயே உளவியலாளர் பியாஜே எழுப்பினார். வெளியூர்க் கதை இவ்வளவு போதும்.

நம் நாட்டில் எனக்குப் பிடித்த உதாரணம் ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால், 1968. எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி ஒரு பக்கம், கைவினைக் கலைஞர் ராம்சந்திர சர்மா இன்னொரு பக்கம். அன்றைய வெளிநாட்டுச் செயற்கைக் காலுக்கு ஷூ வேண்டும், அதை வைத்துச் சம்மணம் போட முடியாது, வயலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. நோயாளிகள் அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். அந்தக் குறையைக் காதில் வாங்கிய மருத்துவரும், ரப்பரையும் மரத்தையும் கையாளத் தெரிந்த கலைஞரும் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

சென்னையிலேயே இன்னொன்று: கழிவுத்தொட்டிக்குள் மனிதர் இறங்காமல் சுத்தம் செய்ய ஐஐடி மெட்ராஸில் உருவான ஹோமோசெப் என்ற இயந்திரம். மனிதக் கழிவை மனிதரே அள்ளும் கொடுமையை ஒழிக்கப் போராடும் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் அமைப்போடு சேர்ந்து செய்தார்கள். முதலில் வந்த இயந்திரங்கள், அந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் வழிநடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்குப் போயின. யார் கையில் போய்ச் சேர வேண்டும் என்பதையும் திட்டத்துக்குள்ளேயே யோசித்திருக்கிறார்கள்.

---

மூன்றாமாண்டு இசிஇ

அண்ணா, அந்த இரண்டும் பொருள். செய்து கொடுத்துவிட்டால் கையில் இருக்கும். தெரு வெள்ளத்தில் கையில் கொடுக்க என்ன இருக்கிறது? மேலே அக்கா சொன்னதில் விடை என்பது மூடியைத் திறக்காமல் இருப்பது. அதை எப்படி டெமோ காட்டுவது?

---

சமூகப்பணி முதுகலை

தம்பி, சரியான கேள்வி. டெமோ காட்ட முடியாததால்தான் அது பின்னிணைப்புக்குப் போனது. ஆனால் உன் சென்சாருக்கு அங்கே நல்ல வேலை இருக்கிறது. மேன்ஹோலுக்குள் மட்டம் எப்போது திடீரென ஏறுகிறது என்று நேரத்தோடு பதிவானால், மூடி திறந்ததும் கீழே பொங்கியதும் ஒரே கணக்கில் வரும். மேட்டு வீட்டுக்காரர் அதைப் பார்த்தால் நம்புவார். போனுக்கு மெசேஜ் போக வேண்டியதில்லை, கார்டில் சேமித்தாலே போதும். ஒன்று மட்டும்: குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது, தலையைக்கூட நீட்டக் கூடாது, விஷவாயு இருக்கும். கருவியை உள்ளே வைப்பது மெட்ரோ வாட்டர் அனுமதியோடு, அவர்கள் ஆட்கள் மேலிருந்து இறக்குவதாக இருக்க வேண்டும். எதை அளப்பது என்பதைத் தெருவில் கேட்டுவிட்டு அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போ.

---

மூன்றாமாண்டு இசிஇ

இது எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். செய்கிறேன்.

---

வேளச்சேரி ஆசிரியை

மதிப்பெண் பற்றி ஒரு யோசனை. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-லிருந்து இருக்கிறது. அதையொட்டி, படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்பிஏ வகுத்த பட்டதாரித் திறன்களில், பல துறையினர் உள்ள குழுவில் இயங்குவது ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. வருஷா வருஷம் அந்தக் கட்டத்தில் நாங்களே டிக் போடுகிறோம். அப்படியானால் தேர்வாளர் குழுவில் சமூகப்பணி ஆசிரியரும் இருப்பதற்கு விதி இடம் கொடுக்கத்தான் வேண்டும். இதைப் பாடத்திட்டக் குழுவில் கேட்கப்போகிறேன்.

தெருவாசிகளுக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு தரலாமா? இருபது சதவீதம் என்று நினைத்திருந்தேன்.

---

ஏரிக்கரைத் தெருவாசி

வேண்டாம் டீச்சர். என் கையில் மார்க் இருந்தால் பிள்ளைகள் எனக்குப் பிடித்ததை மட்டும் பேசுவார்கள். நானும் ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுக்க மனசு வராமல் எல்லாருக்கும் முழுசாகப் போட்டுவிடுவேன். ரோடு எங்க தப்பில்லை, மூடி எங்க தெரு ஆட்கள் தப்பு என்றால் அதை எங்க முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் அவர்களுக்கு வேண்டும். மார்க் நீங்களே போடுங்கள். அதற்குப் பதிலாக வேறு ஒன்று கொடுங்கள். அவர்கள் எழுதியதை நீங்கள் திருத்துவதற்கு முந்தி எங்களிடம் படித்துக் காட்டட்டும். தப்பாக இருந்தால் அந்த இடத்திலேயே சொல்வோம்.

---

படித்து முடித்த கட்டடக்கலைஞர்

அம்மா சொல்வதுதான் சரி. அந்த வாசிப்பையே ஒரு ரிவ்யூவாக வையுங்கள் மேடம். தெருவிலேயே, மாலையில், தேர்வாளர்களும் வந்து உட்காரட்டும். வீட்டுக்காரர் மறுத்துப் பேசும்போது மாணவர் என்ன பதில் சொல்கிறார் என்பதை ஆசிரியர் பார்த்து மார்க் போடலாம். டெமோவுக்கு வழி இல்லை என்ற கேள்விக்கும் அதுவே பதில்.

---

வேளச்சேரி ஆசிரியை

இவ்வளவையும் படித்த பிறகு வடிவத்தை மாற்றிவிட்டேன்.

ஒரே தெரு, மூன்று வருஷம். பேட்ச் மாறும், தெரு மாறாது. ஜனவரியில் வரும் மூன்றாமாண்டுப் பிள்ளைகள் மட்டம் எடுப்பது, பேசுவது, வரைவது. அவர்கள் ஏழாவது செமஸ்டரில் இருக்கும்போது மழை வரும். அந்தப் பருவத்துக்கு அவர்களில் விருப்பமுள்ளவர்களையும் அடுத்த பேட்ச்சிலிருந்து சிலரையும் ஜோடியாக விடலாம். கிரெடிட்டையே உடைத்து, இரண்டை இந்த செமஸ்டரிலும் ஒன்றை மழைப் பருவத்திலும் கொடுக்கக் கேட்கிறேன். கிடைக்குமா என்பது பாடத்திட்டக் குழு கையில், ஆனால் விடப்போவதில்லை. மழை கொட்டும்போது யாரையும் தெருவில் இறக்க மாட்டேன். மழை விட்ட மறுநாள் தண்ணீர்க் கறை எந்தக் கோடு வரை இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

தெருவில் ஒரு நோட்டு இருக்கும், தமிழில். ஒவ்வொரு பேட்ச்சும் அதைப் படித்த பிறகுதான் முதல் கேள்வி கேட்கும். அம்மா, அந்த நோட்டு உங்கள் சங்கத்தில் இருக்கட்டுமா? கல்லூரியில் வைத்தால் அலமாரிக்குள் போய்விடும்.

---

ஏரிக்கரைத் தெருவாசி

சங்கத்து அறை தரைத்தளம், நனைந்துவிடும். மாடியில் இருக்கும் என் அண்ணி வீட்டில் வைக்கிறேன். பிள்ளைகள் வந்து கேட்டால் எந்நேரமும் கொடுப்பார்கள். போனில் ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் முடிந்து அடுத்த ஞாயிறு சாயங்காலம் வந்தால் எல்லாரும் இருப்பார்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் நானே சொல்லிக் கூப்பிடுகிறேன். எங்களுக்கு வழக்கமாக வரும் பிளம்பரும் வருவார்.

---

ஓய்வுபெற்ற பொறியாளர்

நானும் வருகிறேன். டியூப் என்னிடம் இருக்கிறது. நிரப்பும்போது உள்ளே காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. நின்றால் மட்டம் பொய் சொல்லும், அதை முதலில் பழக்குகிறேன்.

தொடக்கக் குறியை எங்கே வைப்பது என்பதை மட்டும் இப்போதே யோசியுங்கள் அம்மா. எல்லா வீட்டு அளவும் அந்த ஒரு குறியிலிருந்துதான் வரும், மூன்று வருஷத்துக்கு அது அசையக் கூடாது. காம்பவுண்ட் சுவர் வேண்டாம், இடித்துக் கட்டிவிடுவார்கள். கேட் படி வேண்டாம், ரோடு ஏறினால் அதையும் உயர்த்துவார்கள். மின்கம்பமும் மாறும். தெருமுனையில் பழைய கோயிலோ, கல்வெர்ட்டின் கைப்பிடிச் சுவரோ இருந்தால் அதில் உளியால் ஒரு கோடு, பக்கத்தில் பெயின்டில் தேதி. கோயில் என்றால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இரண்டாவது குறி ஒன்றும் வேறு இடத்தில் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.